நோயும் ஓர் அடைக்கலப் பொருளே

நால்வகைத் தானங்களைச் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என விரல்விட்டு எண்ணக் கற்பித்தனர் நம் பெரியோர். ஔடத தானம் நோயுற்றவருக்கு மருந்தளிப்பது. அபய தானம் அஞ்சி நிற்பவரின் அச்சத்தைப் போக்குவது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதக்கூடும் என்று அக்காலத்தில் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். மருந்தளிப்பதற்காகவே ஒருவரது நோயைப் பலர் அறிய வேண்டிய நிலை ஏற்பட்டு, அவ்வாறு பலர் அறிவதே அவருக்கு அச்சமாகவும் அமைந்துவிட்டால், சிராவகர் எப்பக்கம் நிற்பது? இது ஏட்டளவில் எழும் வினாவன்று. அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு எழுதும் சாளரத்தின் முன் இன்று நம் ஒவ்வொருவரையும் நோக்கி எழுகின்ற வினா.

செய்தியை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுவோம். ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் 2020 ஆகஸ்டு 15 அன்று வேறு பெயரில் அறிவிக்கப்பட்டது. புதுச்சேரி உள்ளிட்ட ஆறு யூனியன் பிரதேசங்களில் முதலில் நடத்திப் பார்க்கப்பட்டு, 2021 செப்டம்பர் 27 முதல் நாடு முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. இதன்படி விரும்புவோருக்கு 14 இலக்கங்கள் கொண்ட ஆபா எண் வழங்கப்படுகிறது. நோயாளிகளின் குறிப்புகள் யாவும் டில்லியிலுள்ள ஒரு பெரிய கணிப்பொறியில் குவிக்கப்படுவதாக நம் அன்பர்களில் பலர் எண்ணுகின்றனர். திட்டத்தின் அமைப்பு அவ்வாறில்லை. ஒரு மருத்துவமனையில் எழுதப்பட்ட குறிப்பு அம்மருத்துவமனையின் பொறுப்பிலேயே இருக்கும். வேறோர் ஊர் மருத்துவர் அதைக் காண விரும்பினால், எந்தக் குறிப்பு, எதன் பொருட்டு, எந்நாள் வரை என்ற விவரங்களோடு நோயாளிக்கு ஒரு கோரிக்கை வரும். அவர் இசைந்தால் மட்டுமே குறிப்பு இங்கிருந்து அங்கே செல்லும். கொடுத்த இசைவைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. எண்ணைப் பெறுவதே கட்டாயமன்று.

தமிழகத்தில் இதற்கு இணையாக வேறு பதிவேடுகளும் உள்ளன. கருவுற்ற தாய்மாரைக் கிராம சுகாதாரச் செவிலியர் பதியும் பிக்மி எண், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரை தொடர்ந்து வருகிறது. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. எந்த வீட்டில் யார் எந்த மாத்திரை உண்கிறார் என்பது பதிவாகிறது. காசநோயாளிகளைப் பதிவதற்கு நிக்ஷய் என்னும் கணக்கு உண்டு. 2012 முதல் தனியார் மருத்துவர்களும் காசநோயாளியைப் பற்றி அரசுக்கு அறிவித்தே ஆக வேண்டும்.

இவற்றின் நன்மையைக் குறைத்துப் பேசுவது அறமாகாது. அம்மாபேட்டைத் தறிக்காரர் வீடுகளில் சுவரில் அடித்த ஆணியில் ஒரு மஞ்சள் பை தொங்குவதை நாம் பலகாலும் கண்டிருக்கிறோம். வீட்டிலுள்ள அனைவரின் மருத்துவச் சீட்டுகளும், எக்ஸ்ரே படங்களும், இரத்தப் பரிசோதனைத் தாள்களும் அதில்தான் அடைக்கலம். வீட்டுப் பெரியவர் நள்ளிரவில் வாய் குழறிக் கீழே சாய்ந்தால், மருமகள் அப்பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறுவாள். மருத்துவர் கேட்கும் முதற்கேள்வி, “இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா?” என்பதாகும். பையில் மூன்று மருத்துவர்களின் சீட்டுகள் இருக்கும். ஒன்றில் மை மங்கியிருக்கும். மற்றொன்றில் தேதி இராது. எது நடப்புச் சீட்டு என்பதைப் பெரியவரே சொல்ல வேண்டும், அவரோ பேசும் நிலையில் இரார். கணிப்பொறியில் அக்குறிப்பு முறையாகப் பதிவாகியிருந்து, இசைவும் பெறப்பட்டிருந்தால், இவ்விடத்தில் ஓர் உயிர் காக்கப்படும்.

திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளோடு பல மாநிலங்களுக்கும் சென்று, மாதக்கணக்கில் தங்கி வேலை செய்யும் இளைஞர்களை எண்ணிப் பாருங்கள். நாமக்கல், சங்ககிரி லாரி ஓட்டுநர்களும் அத்தகையோரே. காசநோய்க்கு மருந்து குறைந்தது ஆறு திங்கள் இடைவிடாது உண்ணப்பட வேண்டும். இடையில் நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத நோயாக அது மாறக்கூடும். உடன் உறங்குவோருக்கும் தொற்றும். ஊர் மாறினாலும் அவர் யார், எத்தனை திங்கள் உண்டார் என்பதை அடுத்த ஊர் மருத்துவமனை அறிந்திருப்பது அவருக்கும் நன்று, அவரோடிருப்போருக்கும் நன்று. இங்கே குறிப்பைப் பகிர்வது கொல்லாமையைச் சார்ந்த செயலே ஆகும்.

இனி மறுபக்கம். பழைய காகித முறை மறைவை முற்றக் காத்தது என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரு பரிசோதனைக் கூடத்தில், வந்த தாள்களையெல்லாம் ஒரு தட்டில் அடுக்கி வைத்து, “உங்களுடையதைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். தம் தாளைத் தேடியவர் பதினைந்து பேரின் நோயையும் படித்துவிட்டே வந்தார். எனினும் அக்கசிவு ஒரு தெருவைத் தாண்டுவதற்கு நாளாகும். 2020இல் கொரோனாத் தொற்றின்போது தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளின் கதவுகளில் அறிவிப்புத் தாள் ஒட்டப்பட்டதை நாம் அனைவரும் கண்டோம். பிறரைக் காப்பதே அதன் நோக்கம். ஆனால் அத்தாளுக்கு அஞ்சியே பரிசோதனைக்குச் செல்லாமல் இருந்தோர் உண்டு. தகுதியுள்ள அதிகாரி சட்டப்படி ஆணையிட்டாலன்றி அவ்வாறு ஒட்டலாகாது என உச்சநீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பர் 9 அன்று கூறியது. அச்சம் இருக்குமிடத்துக்கு மருந்து சென்று சேர்வதில்லை என்பதை அன்று கண்கூடாகக் கண்டோம். ஔடத தானமும் அபய தானமும் இரு வேறு கடைகளில் விற்கும் பொருள்கள் அல்ல போலும்.

தமிழ்ச் சமணர் சமுதாயம் மிகச் சிறியது. செஞ்சிப் பக்கத்துச் சிற்றூரில் காலையில் சொல்லப்பட்ட செய்தி மாலைக்குள் சேலத்தில் நம் உறவினர் வீட்டை எட்டிவிடும். கொள்வினை கொடுப்பினை யாவும் நமக்குள்ளேயே நடப்பதால், ஒரு பெண்ணின் நோயைப் பற்றிய ஒரு சொல் அவள் தங்கையரின் திருமணத்தையும் தள்ளிப் போடுகிறது. பெருநகரில் பெயர் தெரியாதவராக வாழ்வோருக்கு மறைவு ஒரு வசதி. நம்போன்ற சிறு சமுதாயத்தில் அதுவே வாழ்வு.

வலிப்பு நோயை எடுத்துக்கொள்வோம. நமக்கும் பொருந்துகின்ற இந்துத் திருமணச் சட்டத்தில், திரும்பத் திரும்ப வரும் வலிப்பு திருமணத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் அச்சொல் நீக்கப்பட்டது. தொழுநோய் மணவிலக்குக்குரிய காரணம் என்பதும் 2019இல்தான் நீங்கிற்று. சட்டம் மாறிவிட்டது. ஆனால் பெண் பார்க்கும் வீடுகளில் மனம் மாறிவிட்டதா? ஏழு வயதில் காய்ச்சலோடு ஒருமுறை வலிப்பு வந்து, பின்னர் ஒருபோதும் வராத பெண்ணின் குறிப்பில் அச்சொல் இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் நின்றுகொண்டே இருக்கும். காகிதம் செல்லரித்துப் போகும். கணிப்பொறிக் குறிப்புக்குச் செல் இல்லை.

அப்படியாயின் எல்லாவற்றையும் மறைத்துவிடுவதே அறமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குச் சென்னையிலேயே ஒரு வழக்கு உண்டு. நாகாலாந்தைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் இங்குள்ள தனியார் மருத்துவமனையொன்றில் வேறொருவருக்காக இரத்தம் கொடுக்க முன்வந்தபோது, அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. செய்தி உறவினரை எட்டியது. நிச்சயித்த திருமணம் நின்றது. தம் மறையை மருத்துவமனை வெளியிட்டுவிட்டது என்று அவர் வழக்குத் தொடுத்தார். 1998 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் மருத்துவமனையின்மீது குற்றமில்லை என்றது. மறைவுரிமை எல்லையற்றதன்று, மணக்கவிருந்த பெண்ணின் உயிர் அதனினும் பெரிது என்பது தீர்ப்பின் சாரம். அதே தீர்ப்பு அத்தகையோரின் திருமண உரிமை பற்றிக் கூறிய கடுமையான கருத்துக்கள் வழக்குக்குத் தேவையற்றவை என 2002இல் அந்நீதிமன்றமே சொல்ல நேர்ந்தது.

பின்னர் வந்த 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் இதைவிட நுட்பமாக எழுதப்பட்டிருப்பதாக நாம் கருதுகிறோம். இசைவின்றி எவரிடமும் சொல்லலாகாது என்பது பொதுவிதி. வாழ்க்கைத்துணைக்குத் தொற்றும் அபாயம் இருந்து, நோயாளி தாமே சொல்லமாட்டார் என்பதும் உறுதியானால், ஆலோசனை கூறியபின் மருத்துவர் அத்துணைவரிடம் மட்டும் நேரில் சொல்லலாம். ஆயினும் நோயாளி ஒரு பெண்ணாக இருந்து, சொன்னால் அவள் அடிக்கப்படுவாள் அல்லது கைவிடப்படுவாள் என்று அஞ்சக் காரணம் இருக்குமானால், கணவனிடம் சொல்லலாகாது. இவ்விதியை எழுதியவர் யாராயினும், உண்மை என்பது சொல்வதில் மட்டுமன்று, யாரிடம், எவ்வளவு, என்ன விளையும் என்று பார்த்துச் சொல்வதிலும் உள்ளது என்பதை அறிந்தவர்.

எவ்வளவு என்னும் அச்சொல்லுக்கு நம் தொழிலிலிருந்தே ஒரு சான்று காட்டலாம். பள்ளியிலிருந்து மாணவர் விலகும்போது கொடுக்கப்படும் மாற்றுச் சான்றிதழை நாம் ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறோம். அதில் மாணவர் மருத்துவ ஆய்வுக்குச் சென்றாரா என்று ஒரு வரி உண்டு. ஆய்வுக்குச் சென்றார் என்பதைத்தான் அங்கே எழுதுவோம். ஆய்வில் மருத்துவர் என்ன கண்டார் என்பதை எழுதுவதற்கு அதில் இடமே கிடையாது. பிள்ளைக்குக் காது மந்தம் என்பதோ, படுக்கையில் சிறுநீர் கழிக்கிறான் என்பதோ அடுத்த பள்ளிக்கு அத்தாளோடு செல்லவில்லை. வேண்டுமானால் பெற்றோர் சொல்லிக்கொள்வர். அப்படிவத்தை வகுத்தவர் ஒரு வரியில் நிறுத்திக்கொண்டாரே, அந்த அடக்கத்தை இன்றைய படிவங்களில் தேடவேண்டியுள்ளது.

நம் ஆகமங்கள் இப்பொருளை அறியாதவை அல்ல. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் சத்திய அணுவிரதத்துக்கு ஏற்படும் இழுக்குகளாக ஐந்து கூறப்பட்டுள்ளன. ஒருவர் மறைவிற் செய்ததை வெளியிடும் ரகோப்பியாக்கியானம் அவற்றுள் ஒன்று. பிறர் உள்ளக் கருத்தைக் குறிப்பால் அறிந்து வெளிப்படுத்தும் சாகாரமந்திரபேதம் மற்றொன்று. நமக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுவது நியாசாபகாரம் என்பது. நியாசம் என்றால் நம்பி ஒப்படைத்த அடைக்கலப் பொருள். ஒருவர் பத்துப் பொற்காசுகளை ஒப்படைத்துச் செல்கிறார். நாட்பட்டுத் திரும்பியவர் எண்ணிக்கையை மறந்து, “எட்டுக் கொடுத்தேன் அல்லவா?” என்று கேட்கிறார். வாங்கி வைத்தவர், “ஆம், எட்டுத்தான்” என்று எண்ணிக் கொடுத்துவிடுகிறார். அவர் பூட்டை உடைக்கவில்லை, கேட்டதைக் கொடுத்தார். ஆயினும் அது குற்றம். அதனைக் களவின் பகுதியில் வைக்காமல் பொய்யின் பகுதியில் வைத்த நுண்மை வியத்தற்குரியது.

இதை மருத்துவக் குறிப்புக்குப் பொருத்திப் பாருங்கள். தாம் மருத்துவமனைகளில் எதையெதைச் சொன்னோம் என்பதை எந்த நோயாளியும் நினைவில் வைத்திருப்பதில்லை. முதல் குழந்தைக்கு முன் ஏற்பட்ட கருச்சிதைவு, கணவர் இறந்த ஆண்டில் உறக்கத்துக்காக உண்ட மாத்திரை ஆகியவை எங்கோ ஒரு குறிப்பில் உறங்குகின்றன. இன்று கண்புரைக்காக வந்தவர், “குறிப்புகளைப் பார்க்க இசைகிறேன்” என்று சொல்லும்போது எட்டு என்று நினைத்துச் சொல்கிறார். கேட்பவரோ பத்து இருப்பதை அறிவார். அவர் மறந்த இரண்டையும் இசைவின் பேரால் எடுத்துக்கொள்வதும், ஒரு காரியத்துக்கென்று வாங்கியதைக் காப்பீட்டுக்கும் வாணிகத்துக்கும் திருப்பிவிடுவதும் நியாசாபகாரமே என்பது நம் துணிபு. சட்டப்படி கையொப்பம் இருக்கலாம். இழுக்கு நீங்கவில்லை.

அடைக்கலம் என்றவுடன் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை நினைவுக்கு வருகிறது. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைத்தார். பின்னர் மதுரையில் நடந்ததில் மாதரியின் பிழை ஏதுமில்லை. ஆயினும் அடைக்கலம் இழந்தேனே என்று அவள் தீப்புகுந்தாள். 2024 செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுடைய ஆவணங்களும் பரிசோதனை முடிவுகளும் டெலிகிராமில் கேட்பவர்க்கெல்லாம் கிடைப்பதாகச் செய்தி வந்தபோது, நிறுவனம் உயர்நீதிமன்றத்தை நாடியது. எவரும் தீப்புக வேண்டும் என்று நாம் கூறவில்லை. வெளிப்பட்ட நோய் வெளிப்பட்டதுதான். எந்த நீதிமன்றமும் அதைத் திரும்ப உள்ளே வைக்க இயலாது என்பதே நம் கவலை. நம் தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில் 14,200 எச்.ஐ.வி. நோயாளிகளின் விவரங்கள் வெளியானது 2019 ஜனவரியில் தெரியவந்தது. அதற்குக் காரணம் தொலைவிலிருந்து வந்த கள்வர் அல்லர். பதிவேட்டைத் திறக்கும் அதிகாரம் பெற்றிருந்த ஒரு மருத்துவருக்கு நெருங்கியவர். டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகள் 2022 நவம்பர் 23 அன்று முடக்கப்பட்டு, ஏறத்தாழ இரண்டு வாரம் எல்லாம் கையால் எழுதப்பட்டதையும் இங்கே குறிப்பிடலாம். மஞ்சள் பையை எறிந்துவிட வேண்டா.

இவையெல்லாம் தொலைவில் நடப்பவை. நம்மை உண்மையில் உறுத்துவது வீட்டுக்குள் நடப்பது. சாளரத்தில் அமர்ந்திருக்கும் பெண், “அம்மா, உங்க போனுக்கு ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்கம்மா” என்கிறார். “நம்பர் என் பையனோடதும்மா, அவன் வேலைக்குப் போயிருக்கான்” என்கிறார் மூதாட்டி. மகனை அழைத்து, எண்ணைக் கேட்டுச் சொல்லப் பதிவு முடிகிறது. எவரிடமும் தீய எண்ணம் இல்லை. ஆனால் இசைவு யாருடையது? அம்மாபேட்டையில் நாம் அறிந்த மூத்த பெண்டிருள் தமக்கெனத் தனி எண் உடையோர் சிலரே. கருப்பை இறக்கத்தையோ மார்பில் தோன்றிய கட்டியையோ மகனோ மருமகளோ முதலில் அறிவதைவிட, அறியாமல் விட்டுவிடுவதே மேல் என்று எண்ணி மருத்துவரிடம் செல்லாதிருக்கும் பெண்கள் நம் வீடுகளில் உள்ளனர். அவர்களுக்கு எண்ணும் இணைப்பும் கொடுத்து, அச்சத்தை மட்டும் இருந்தபடியே விட்டுவிட்டால், ஔடதம் கதவுக்கு வெளியேதான் நிற்கும்.

ஆசிரியப் பயிற்சியில் நமக்கு முதலில் கற்பிக்கப்பட்டவற்றுள் ஒன்று, பிள்ளை தலையசைத்ததைப் புரிந்துகொண்டதாகக் கொள்ளாதே என்பது. “சரி, நான் சொன்னதை நீ உன் சொல்லில் சொல்” என்று கேட்க வேண்டும். அவன் திருப்பிச் சொன்னால்தான் பாடம் முடிந்தது. இசைவு பெறுவோரும் இம்முறையைக் கைக்கொள்வதில் தடையொன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. நீண்ட வரிசை நிற்கிறது, நேரமில்லை என்பார்கள். அறுபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் நமக்கும் நேரமில்லைதான். 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு எந்த நோக்கத்துக்கு என்று தனித்துக் குறிப்பிடப்பட வேண்டும் என்றும், அவ்வறிவிப்பை எட்டாம் அட்டவணை மொழிகளுள் எதிலும் கேட்டுப் பெறலாம் என்றும் கூறுகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தமிழில் கொடுங்கள் என்று கேட்க வெட்கப்படவேண்டியதில்லை.

நம் குடும்பங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. தாய்க்கும் மனைவிக்கும் தனி எண் வாங்கிக் கொடுத்து, அதன் கடவுச்சொல்லை அவர்களிடமே விட்டுவிடலாம். இசைவுக் கோரிக்கையில் எல்லாக் குறிப்புகளும் என்றிருந்தால், வேண்டியவற்றை மட்டும் தேர்ந்து கொடுக்கலாம், நாளையும் குறுக்கலாம். காசநோய், தொற்றுநோய் போன்றவற்றில், உடனிருப்போர் உயிரை எண்ணி, மறைக்காது மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பெண் பார்க்கச் செல்லும் வீட்டில், “ஆபா கணக்கைத் திறந்து காட்டுங்கள்” என்று கேட்கும் நாள் வரக்கூடும். அன்று நாம் கேட்பவர் பக்கத்தில் இருந்தால் கேட்காமலும், கொடுப்பவர் பக்கத்தில் இருந்தால் காட்டாமலும் இருக்க இப்போதே உறுதி கொள்ளலாம். மணமக்கள் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டியதை அவர்களே பேசிக்கொள்வர்.

மேற்சொன்ன சட்டத்தில், ஒருவர் இறந்த பிறகோ நினைவிழந்த நிலையிலோ அவரது குறிப்புகள்மீதுள்ள உரிமையைச் செலுத்த வேறொருவரை முன்கூட்டியே நியமிக்க இடமுண்டு. வங்கிக் கணக்குக்கு வாரிசு எழுதியதுபோல இதனையும் எழுதி வைக்க வேண்டும். பெயர் எழுத வேண்டிய இடத்தில் யாரை எழுதுவது என்று சில நாட்களாக எண்ணி வருகிறோம். மூத்த மகனா, நம்மோடு ஒரே வகுப்பில் பயிற்சி பெற்று இன்றும் வாரந்தோறும் நம்மைக் காண வரும் தோழியா என்பது இன்னும் முடிவாகவில்லை.